வெள்ளத்தில் நனைந்த நாடக இசைத்தட்டுகள்: அட்டையைத் தூக்கிப் போடச் சொல்றாங்க, போடலாமா?

சாட்ஸ்வொர்த்_தட்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க மாமா சேர்த்து வச்ச எல்.பி. தட்டுகள் (ரொம்ப நேரம் ஓடுற பெரிய இசைத்தட்டு) 62 இப்ப என் கைக்கு வந்திருக்கு. மாமான்னா அம்மாவோட மூத்த அண்ணன். சினிமாப் பாட்டு ரொம்பக் கொஞ்சம். மத்ததெல்லாம் மேடை இசை நாடகங்கள், அதுல நடிச்சவங்களே பாடினது. காஸ்ட் ஆல்பம்னு சொல்வாங்களே, அது. கிங் காங், மை ஃபேர் லேடி, வெஸ்ட் சைட் ஸ்டோரி, ஃபிட்லர் ஆன் த ரூஃப், இப்பி தோம்பி, இன்னும் நிறைய.

மாமா இங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பன் கடற்கரை ஓட்டல் ஒண்ணுல வெயிட்டரா இருந்தார். கிடைக்கிற டிப்ஸை மைலோ டப்பாவுல போட்டு வச்சு, மாசக் கடைசியில கிரே ஸ்ட்ரீட் போய் ஒரே ஒரு தட்டு வாங்கிட்டு வருவார். நிறவெறி அரசு கேட்டோ மேனர்லருந்து எங்க குடும்பத்தைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினப்ப, லாரியில பாத்திரம் பண்டம் ஏத்துறதுக்கு முன்னாடி அந்தத் தட்டுப் பெட்டியைத்தான் ஏத்தினாராம். அம்மா அடிக்கடி சொல்வாங்க.

2022 ஏப்ரல் வெள்ளத்துல பின்கட்டு அறைக்குள்ள தண்ணி வந்துடுச்சு. ஒரு சாண் உயரம்தான். ஆனா தட்டு எல்லாம் அலமாரியோட கீழ் அடுக்குல. அம்மா ஃபேன் காத்துல விரிச்சுப் போட்டு, காஞ்சதுன்னு நெனச்சு மறுபடி பெட்டியில அடுக்கிட்டாங்க. போன வருஷம் அம்மா தவறிட்டாங்க. போன வாரம்தான் எனக்குப் பெட்டியைத் திறக்க மனசு வந்துச்சு.

திறந்ததும் நாத்தம். அட்டை மேல மாவு தூவின மாதிரி பூசணம். பாதி உசரத்துக்கு டீக்கறை நிறத்துல ஒரு கோடு, தண்ணி நின்ன இடம். சில அட்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. கிங் காங் உள்ள இருந்த காகித உறை, தட்டு மேலயே அப்பிக்கிட்டிருக்கு.

டவுன்ல ஒரு கடைக்காரர்கிட்ட காட்டினேன். "அட்டையெல்லாம் குப்பை, தூக்கிப் போடுங்க. தட்டைக் கழுவி வெள்ளை உறையில போட்டுக் குடுத்தா மொத்தமா ஒரு விலை தர்றேன்"னார். எனக்கு விக்கிற எண்ணம் கிடையாது. கேட்கணும், அவ்வளவுதான். அட்டையைக் காப்பாத்த வழி இருக்கா? தட்டை எப்படிக் கழுவுறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஊசிமுனை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) எழுதியது:

தம்பி, முதல் காரியம்: ஒரு தட்டையும் இப்போது ஓட்டிப் பார்க்காதீர்கள். தட்டில் ஊசி ஓடும் பள்ளத்துக்குள் பூசணம் இருக்கும்போது ஊசி போனால், அந்தக் குப்பையை ஊசியே பள்ளத்தின் சுவரில் தேய்த்துவிடும். ஊசியும் போகும், தட்டும் போகும்.

நாற்பது வருடம் ரேடியோ, ரிக்கார்டு பிளேயர் பழுது பார்த்தவன். சொல்கிற வரிசையிலேயே செய்யுங்கள்.

பெட்டியை வீட்டுக்குள் வைக்காதீர்கள். வராந்தாவுக்குக் கொண்டுபோங்கள். மூக்கில் முகமூடி கட்டிக்கொள்ளுங்கள். அட்டையையும் தட்டையும் பிரித்துத் தனித்தனியாக வையுங்கள். அட்டையில் ஈரம் இருக்கும்போது துடைத்தால் பூசணம் காகிதத்துக்குள் இழுகிவிடும். அதனால் முதலில் நன்றாக உலரட்டும். வெயில் வேண்டாம், மையும் படமும் வெளுத்துப் போகும். நிழல், ஃபேன் காற்று, அது போதும். உலர்ந்தபின் மெல்லிய தூரிகையால் வீட்டுக்கு வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். நெளிந்த அட்டையை இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றுங்கள். செய்தித்தாள் வைக்காதீர்கள், அச்சு மை ஒட்டிக்கொள்ளும்.

தட்டுக்கு: காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டுமே. குழாய்த் தண்ணீர் காயும்போது அதிலுள்ள உப்பு பள்ளத்தில் படிந்து, அதுவே சடசடப்பாகக் கேட்கும். ஒரு லிட்டருக்கு வாசனை இல்லாத பாத்திர சோப்பு இரண்டு மூன்று சொட்டு. மெல்லிய ஆட்டுமுடித் தூரிகையால் பள்ளம் ஓடும் வழியிலேயே வட்டமாகத் தேயுங்கள், குறுக்கே வேண்டாம். நடுவில் உள்ள லேபிள் நனையக் கூடாது. பிறகு சோப்பு இல்லாத தண்ணீரில் இரண்டு முறை அலசி, சமையலறையில் சாப்பாட்டுத் தட்டு காயவைக்கும் ஸ்டாண்டில் நிறுத்திவிடுங்கள். எல்.பி.க்கென்றே செய்தது போல இருக்கும்.

காகிதம் ஒட்டிய கிங் காங்கைச் சுரண்டவே கூடாது. ஒட்டிய இடத்தில் மட்டும் அதே தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்து, காகிதம் கூழாகும் வரை பொறுத்திருங்கள். ஒரு மணி நேரம் ஆனாலும் பொறுமை வேண்டும்.

மெரிபேங்க்_அக்கா எழுதியது:

தம்பி, அம்மா தவறின செய்தி கேட்டு வருத்தமா இருக்கு.

ஐயா சொன்னது எல்லாம் சரி. நான் ஒண்ணு சேர்க்கிறேன். டர்பன்ல நம்ம எதிரி வெள்ளம் மட்டும் இல்லை, டிசம்பர் ஜனவரி காத்தே ஈரத்துணி மாதிரி இருக்கும். எங்க வீட்டுல எங்க அப்பாவோட தட்டுகளை சாமி அறைக்குப் பக்கத்து அலமாரியில வச்சிருந்தோம், மரியாதையா இருக்கட்டும்னு. வெள்ளிக்கிழமை தவறாம சாம்பிராணி. பத்து வருஷத்துல எல்லாத்து மேலயும் பிசுபிசுன்னு ஒரு படலம். அட்டைக்குள்ள பூச்சி வரும்னு அந்துருண்டை வேற போட்டேன், அந்த நாத்தம் இன்னைக்கும் போகலை. அந்துருண்டை ஆவி சில பிளாஸ்டிக்கை இளக வைக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நீ ரெண்டும் பண்ணாதே.

ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு, மலிவானதைப் பார்க்காம கொஞ்சம் கூடக் குடுத்து நல்லதா வாங்கி அலமாரிக்குள்ள வை. 50 சதவீதத்துக்கு மேல ஏறினா உடனே கவனி. அலமாரி வெளிச்சுவர்ல ஒட்டி நிக்கக் கூடாது, பின்னாடி நாலு விரல் இடம் விடு. தரையிலருந்து முழங்கால் உசரம் இருக்கட்டும். இனி ஒரு வெள்ளம் வந்தாலும்.

லெனேசியா_மாலை எழுதியது:

கொஞ்சம் மாறுபட்ட கருத்து, தப்பா எடுத்துக்காதீங்க. நான் 1980கள்லருந்து காஸ்ட் ஆல்பம் மட்டும்தான் சேர்க்கிறேன். என் அனுபவத்துல பூசணம் பிடிச்ச அட்டை ஒரு நோய். ஒண்ணை அலமாரியில வச்சா மத்த நாப்பதுக்கும் பரவும்.

உங்க பட்டியல்ல இருக்கிற பல தட்டுகள் அரிதானது இல்லை. மை ஃபேர் லேடியும் சவுண்ட் ஆஃப் மியூசிக்கும் அந்தக் காலத்துல மலை மலையா வித்தது. ஜோஹன்னஸ்பர்க்ல எந்தப் பழைய சாமான் கடையிலயும் சுத்தமான அட்டையோட இன்னைக்கும் கிடைக்கும். பூசணம் பிடிச்ச அட்டையைப் படம் எடுத்து வச்சுக்கிட்டு, வேற பிரதி வாங்கி, மாமாவோட தட்டை அந்த நல்ல அட்டைக்குள்ள போடுங்க. கிங் காங்குக்கு மட்டும் மெனக்கெடலாம்.

இன்னொண்ணு, வாங்கும்போது ஏமாறாதீங்க. கடைக்காரங்க பலர் சினிமாப் பதிப்பையும் மேடைப் பதிப்பையும் ஒண்ணா அடுக்கியிருப்பாங்க. மை ஃபேர் லேடி 1956 மேடைத் தட்டுல நாயகியாப் பாடினது ஜூலி ஆண்ட்ரூஸ். 1964 சினிமாத் தட்டுல அட்டையில ஆட்ரி ஹெப்பர்ன் முகம் இருக்கும், நாயகி பாட்டுல பெரும்பகுதி மார்னி நிக்சன் குரல். வெஸ்ட் சைட் ஸ்டோரி சினிமாவுலயும் நாயகிக்குக் குரல் குடுத்தது அதே மார்னி நிக்சன்தான். மாமா வச்சிருந்தது மேடைப் பதிப்புன்னா அதுக்கு ஈடு மேடைப் பதிப்பு மட்டும்தான்.

சாட்ஸ்வொர்த்_தட்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஊசிமுனை ஐயா சொன்னபடி அட்டைகளை வராந்தாவுல கொடி கட்டித் தொங்க விட்டிருக்கேன். பக்கத்து வீட்டுப் பாட்டி என்ன விசேஷம்னு கேட்டாங்க.

லெனேசியா அண்ணா, நீங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க, புரியுது. ஆனா முதல் பதிவுல ஒரு விஷயம் எழுதாம விட்டுட்டேன். அட்டையோட பின்பக்கத்துல மாமா எழுதியிருக்கார்.

இந்தத் தட்டுகள் பின்னாடி நாடகக் கதைச் சுருக்கம் அச்சடிச்சிருக்கும், தெரியும்ல. எந்தக் காட்சியில எந்தப் பாட்டு, யார் பாடுறாங்கன்னு. மாமா அந்த இங்கிலீஷ் பக்கத்து ஓரத்துல, ஒவ்வொரு பாட்டுக்கும் நேரா, தமிழ்ல ஒரு வரி எழுதி வச்சிருக்கார். "அப்பன் குடிக்கக் காசு கேட்கிறான்." "இவள் இன்னும் பேசப் பழகவில்லை, கோபம் மட்டும் வருகிறது." "மூத்த மகள் மனசைச் சொல்லப் பயப்படுகிறாள்." டிவி இந்த நாட்டுக்கு வந்ததே 1976லதான். அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை ராத்திரி அம்மா, சித்திங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க எல்லாரும் முன்னறையில உட்காருவாங்க. மாமா ஒரு பாட்டுக்கு முன்னாடி ஊசியைத் தூக்கி, கதையைத் தமிழ்ல சொல்லி, அப்புறம் ஊசியை வைப்பார். அவங்க யாரும் அந்தக் காலத்துல டவுன் தியேட்டர் உள்ள போய் இந்த நாடகங்களைப் பார்த்ததில்லை, உள்ள விடவும் மாட்டாங்க. அவங்களுக்கு நாடகம் நடந்த இடம் அந்த அட்டைதான்.

அதான் எறிய மனசு வரலை. பால்பாயிண்ட்ல எழுதினது தண்ணியில அப்படியே நிக்குது. சிலதுல நீல மசிப் பேனாவுல எழுதியிருக்கார், அது மேகம் மாதிரி பரவிப் போச்சு.

ஊசிமுனை எழுதியது:

நல்ல வேளை சொன்னீர்கள். யாராவது பூசணத்துக்கு ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கச் சொல்வார்கள். கையெழுத்து உள்ள பக்கம் செய்யவே செய்யாதீர்கள். பால்பாயிண்ட் மை தண்ணீருக்கு அசையாது, ஸ்பிரிட்டுக்குக் கரைந்துவிடும். அந்தப் பக்கம் உலர்ந்த தூரிகை மட்டும்.

பரவிப்போன நீல மையைத் தொடாதீர்கள். நல்ல பகல் வெளிச்சத்தில், அட்டையைச் சற்றே சாய்த்து, பல கோணத்தில் படம் எடுங்கள். பேனா முனை அழுத்திய தடம் காகிதத்தில் இருக்கும். மை போனாலும் தடம் போகாது.

லெனேசியா_மாலை எழுதியது:

தம்பி, நான் சொன்னதை முழுசா வாபஸ் வாங்கிக்கிறேன். அந்த அட்டைக்கு ஈடா வேற அட்டை கிடையாது. என் 700 தட்டுலயும் அப்படி ஒண்ணு இல்லை. சுத்தமானதைத் தேடித் தேடி வாங்கினேன், எவன் வீட்டுலயோ எழுதின பேரைப் பார்த்து வேண்டாம்னு வச்சுட்டு வந்திருக்கேன். நேத்து ராத்திரி அதை நெனச்சுத் தூக்கம் வரலை.

பரவுற நோய்க்கு வழி: காஞ்ச அட்டையை ஒவ்வொண்ணா பாலித்தீன் வெளியுறையில போடுங்க. வாய் மூடாம விடுங்க, காத்து போகணும். பி.வி.சி. உறை வேண்டாம், அதுலருந்து ஆவி கிளம்பித் தட்டு மேல பனி மாதிரி படியும். தட்டை அட்டைக்குள்ள வைக்காதீங்க. புது உள்ளுறையில தனியா, அட்டைக்குப் பின்னாடி, அதே வெளியுறைக்குள்ள. அப்ப அட்டையும் இருக்கும், தட்டும் பிழைக்கும்.

இப்ப கிங் காங் பத்தி. உங்ககிட்ட இருக்கிறது எந்தப் பதிப்புன்னு பாருங்க. ரெண்டு இருக்கு. 1959 பிப்ரவரி 2 அன்னைக்கு ஜோஹன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்து கிரேட் ஹால்ல நாடகம் அரங்கேறுச்சு. இசை டாட் மட்ஷிகீசா. எசக்கியேல் ட்லமினிங்கிற குத்துச்சண்டை வீரனோட கதை. கிங் காங்ங்கிறது குத்துச்சண்டை மேடையில அவனுக்கு இருந்த பேர். காதலியைக் கொன்னு ஜெயிலுக்குப் போய், 1957ல சிறைப் பண்ணை அணையில மூழ்கிச் செத்தான். அவன் செத்து ரெண்டு வருஷத்துல நாடகம். நேதன் ம்ட்லெட்லே கிங் காங்கா, மிரியம் மகேபா கள்ளச்சாராயக் கடைக்காரி ஜாய்ஸா. வாத்தியக் குழுவுல ஹியூ மசெகேலா, ஜோனாஸ் குவாங்வா, கிப்பி மோகெட்சி. மேடை அமைப்பு வரைஞ்சது ஆர்தர் கோல்ட்ரைக். நிறவெறியை எதிர்த்த தலைவர்கள் ஒளிஞ்சிருந்த, 1963ல போலீஸ் புகுந்த ரிவோனியா லிலீஸ்லீஃப் பண்ணை வீட்டுல குடியிருந்தவர் அவர்தான். நாடகத்தோட முதல் நாள் மண்டேலா வந்து பார்த்திருக்கார்.

பல்கலைக்கழக மண்டபம்ங்கிறதால கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையில உட்கார முடிஞ்சுது. 1965ல வந்த அரசு அறிவிப்புக்கு அப்புறம் அனுமதிச் சீட்டு இல்லாம அதுவும் நடக்காமப் போச்சு. நம்ம ஆளுங்களுக்குத் தட்டுதான் நுழைவுச்சீட்டு.

1959 தட்டு காலோடோன் லேபிள்ல வந்தது. அதுலதான் மகேபா. 1961ல லண்டனுக்கு நாடகம் போறதுக்குள்ள அவங்க நாட்டை விட்டுப் போயிட்டாங்க, அங்க ஜாய்ஸா பாடினது பெகி பாங்கோ, தட்டு டெக்கா. ரெண்டும் வேணும். லண்டன் பதிப்பு பளபளன்னு இருக்கும். ஆனா ஜோஹன்னஸ்பர்க் பதிப்புல அந்தக் கூட்டம் முதல் தடவையா தன் கதையைத் தானே பாடுது. ரெண்டையும் அடுத்தடுத்து வச்சுக் கேட்டா வித்தியாசம் அந்த மூச்சுலயே தெரியும்.

உங்க ஊர் விஷயம் ஒண்ணு. 1960ல டர்பன் நகர மண்டபத்துல ம்கும்பானே நாடகம். கேட்டோ மேனரோட ஜூலு பேர் அது. எழுதினது ஆலன் பேட்டன், இசை அதே மட்ஷிகீசா. அதோட தட்டு ஒண்ணு கையில கிடைக்காதான்னு நாப்பது வருஷமா தேடுறேன். உங்க மாமா பெட்டியில தப்பித்தவறி இருந்தா, நான் ராத்திரியோட ராத்திரியா கார் எடுத்துட்டு வந்துடுவேன்.

சாட்ஸ்வொர்த்_தட்டு எழுதியது:

இல்லை அண்ணா. பெட்டி முழுக்கப் பார்த்துட்டேன். கிங் காங் காலோடோன்தான், மகேபா பேர் இருக்கு. நீங்க அப்படியும் வாங்க, சாப்பிட்டுப் போகலாம்.

மதுரைப்பக்கம் (சாண்டன்) எழுதியது:

நான் வேலைக்காக இங்க வந்து ஆறு வருஷம். ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதினதில்லை. ஒரு கேள்வி.

காஸ்ட் ஆல்பம் அமெரிக்காவுல 1943ல ஓக்லஹோமாவோட ஆரம்பிச்சதுன்னு எல்லா இடத்துலயும் எழுதறாங்க. டெக்கா கம்பெனி அரக்குத் தட்டு ஆறை ஒரு ஆல்பமா கட்டி வித்தது. சரி. ஆனா நம்ம ஊர்ல அதுக்கு முன்னாடியே நாடகப் பாட்டை நாடகக்காரங்களே பிளேட்ல பாடியிருக்காங்களே? செங்கோட்டை கிட்டப்பா 1933லயே செத்துட்டார். அவர் மேடையில பாடினதைத்தான் பிளேட்லயும் பாடினார். கே.பி. சுந்தராம்பாள் அப்படியே. சங்கரதாஸ் சுவாமிகளோட வள்ளி திருமணத்தைப் பல கலைஞர்கள் பாடிப் பதிஞ்சிருக்காங்க. எங்க தாத்தா வீட்டுல முழு நாடகத்தையும் வசனத்தோட செட்டு செட்டா வச்சிருந்தார். ஒரு பக்கம் மூணு நிமிஷம்தான், அதுக்குள்ள ராஜா கோபப்பட்டு முடிக்கணும். இதெல்லாம் காஸ்ட் ஆல்பம் கணக்குல வராதா?

லெனேசியா_மாலை எழுதியது:

வரணும்னுதான் நான் சொல்வேன். ஓக்லஹோமா முதல்னு சொல்றது கொஞ்சம் அவசரப் பேச்சு. லண்டன்ல ஃப்ளோரோடோரா நாடகப் பாட்டுகளை அதுல நடிச்சவங்க 1900லயே பதிஞ்சுட்டாங்க. அமெரிக்காவுலயே த க்ரேடில் வில் ராக் 1938ல வந்துடுச்சு. ஓக்லஹோமா செஞ்சது வேற: நாடகக் குழு, கோரஸ், வாத்தியக் குழு எல்லாரையும் அப்படியே கூட்டிட்டு வந்து, மேடையில கேட்டபடி வரிசையா பதிஞ்சு, அது வியாபாரமா ஓடும்னு நிரூபிச்சது. 1948ல கொலம்பியா எல்.பி.யைக் கொண்டுவந்ததும் ஒரே தட்டுல நாடகம் அடங்கிடுச்சு. அடுத்த வருஷமே சவுத் பசிபிக், 69 வாரம் முதலிடத்துல நின்னது. 1956ல மை ஃபேர் லேடி நாடகத்துக்கு முதலீடு முழுசையும் கொலம்பியா தட்டுக் கம்பெனியோட தாய்க் கம்பெனி சி.பி.எஸ். போட்டது, 3,60,000 டாலர். அதாவது தட்டு விக்கிறதுக்காக நாடகமே நடந்தது.

ஆனா உங்க தாத்தா செட்டு இதைவிட ஒரு விஷயத்துல மேல. பிராட்வே (நியூயார்க் நாடக மேடை) தட்டுல வசனம் கிடையாது, நடன இசையை வெட்டிடுவாங்க, அம்பது நிமிஷத்துக்குள்ள அடங்கணும். நாடகம் தொடங்கின வார ஞாயித்துக்கிழமை, அன்னைக்குக் காட்சி இல்லாததால, ஸ்டுடியோவுக்கு வந்து ஒரே நாள்ல பாடிட்டுப் போவாங்க. வெஸ்ட் சைட் ஸ்டோரி 1957 செப்டம்பர் 26 வியாழக்கிழமை தொடங்குச்சு, 29 ஞாயித்துக்கிழமை பதிவு. அந்த வாரத்துப் பதட்டம் குரல்லயே இருக்கும். வசனத்தோட முழுசா வேணும்னா 1956ல த மோஸ்ட் ஹேப்பி ஃபெல்லா மாதிரி மூணு தட்டு போட்டாத்தான் உண்டு. உங்க தாத்தா வீட்டுல அது எப்பவோ நடந்திருக்கு.

வெருலம்_பேத்தி எழுதியது:

நாடக செட்டுன்னு படிச்சதும் எழுதாம இருக்க முடியலை.

எங்க ஆயா வீட்டுல பவளக்கொடி செட்டு இருந்துச்சு. கப்பல்ல வந்ததுன்னு சொல்வாங்க. கனமான கருப்பு பிளேட், கீழ விழுந்தா அப்பளம் மாதிரி நொறுங்கும். ரெண்டு வருஷம் முன்னாடி அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தர்றோம்னு சொன்ன ஒருத்தர்கிட்ட நம்பிக் குடுத்தேன். எல்.பி. தட்டைக் கழுவுற மாதிரியே ஸ்பிரிட் போட்டுக் கழுவிட்டார். திரும்பி வந்தப்ப பிளேட் பளபளப்பு போய் சாம்பல் பூத்திருந்துச்சு. ஊசி வச்சா காத்து சத்தம் மட்டும். பதினொரு பிளேட். ஆயா குரலைவிட எனக்கு நல்லாத் தெரிஞ்ச குரல் அது.

தயவுசெஞ்சு எல்லாரும் தெரிஞ்சுக்குங்க: அந்தக் காலத்து பிளேட் அரக்கு. அரக்கு ஸ்பிரிட்ல கரையும். எவ்வளவு படிச்சவரா இருந்தாலும் முதல்ல இதைக் கேளுங்க: எதுல கழுவுவீங்க?

ஊசிமுனை எழுதியது:

அம்மா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

அரக்குத் தட்டுக்கு ஊசியும் வேறு. எல்.பி. ஊசி முனை ஏறத்தாழ 18 மைக்ரான், 78க்கு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அந்த அரக்குத் தட்டுக்கு) 75 மைக்ரான் வேண்டும். எல்.பி. ஊசியை 78 மேல் வைத்தால் அகன்ற பள்ளத்தின் அடியில் கிடந்து அழுக்கை மட்டும் வாசிக்கும். சாம்பல் பூத்த தட்டையும் எறியாதீர்கள். சற்று வேறு அளவு முனை, பழைய ஊசி தொடாத ஆழத்தில் உட்கார்ந்தால், கொஞ்சம் குரல் மீளலாம். என்னிடம் நான்கு அளவு முனைகள் இருக்கின்றன. ஒரு பிளேட் கொண்டு வாருங்கள், பார்ப்போம். காசு வேண்டாம்.

வெருலம்_பேத்தி எழுதியது:

சனிக்கிழமை வர்றேன் ஐயா.

சாட்ஸ்வொர்த்_தட்டு எழுதியது:

மூணு வாரம் ஆச்சு, நடந்ததைச் சொல்றேன்.

62ல 57 தேறிடுச்சு. நாலு தட்டு நெளிஞ்சிருக்கு, பெட்டி சாஞ்சு கிடந்ததால. ஒண்ணுல பூசணம் பள்ளத்தையே அரிச்சிருக்கு, கழுவியும் முதல் பக்கம் முழுக்க மழை பெய்யுது. அதையும் வச்சிருக்கேன்.

கிங் காங்குக்கு ரெண்டு ராத்திரி. பஞ்சை நனைச்சு நனைச்சு வச்சேன். ஒட்டியிருந்த காகிதம் சோத்துக் கஞ்சி மாதிரி இளகி, விரல் நுனியாலயே வழிச்சு எடுக்க முடிஞ்சுது. லேபிளைக் காப்பாத்த ரெண்டு ஐஸ்கிரீம் டப்பா மூடியை ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டான் என் மகன். ரெண்டாம் நாள் ராத்திரி கழுவி முடிக்கும்போது கரெண்ட் போயிடுச்சு, டார்ச் வெளிச்சத்துல அலசினோம். மறுநாள் காலையில காஞ்ச தட்டைச் சாய்ச்சுப் பார்த்தா கருப்புல வானவில் மாதிரி கோடு ஓடுது. சித்திக்கு 84 வயசு. அவங்களைக் கூட்டிட்டு வந்து உட்கார வச்சு ஊசியை வச்சேன். மகேபா குரல் வந்ததும் சித்தி மாமா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க.

ஒரு சந்தேகம்: ஒரு இரட்டைத் தட்டுல, ஒரு தட்டோட ரெண்டு பக்கம் 1, 4ன்னும் இன்னொண்ணு 2, 3ன்னும் இருக்கு. வேற செட்டோட மாறிப் போச்சா?

ஊசிமுனை எழுதியது:

மாறவில்லை. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தானாக விழ வைக்கும் பிளேயர்கள் அன்று இருந்தன. 1 முடிந்ததும் மேலே இருந்து 2 விழும். பிறகு இரண்டையும் சேர்த்துத் திருப்பிப் போட்டால் 3, 4. அதற்கான வரிசை அது.

பழைய மோனோ (ஒரே தட ஒலி) தட்டுகளுக்கு முடிந்தால் 25 மைக்ரான் மோனோ ஊசி வாங்குங்கள். மை ஃபேர் லேடி 1956 பதிவு மோனோதான், ஸ்டீரியோ வேண்டுமென்றால் 1959 லண்டன் குழுவின் பதிவு. மோனோ தட்டைச் சாதாரண ஸ்டீரியோ ஊசியில் ஓட்டினால் இரைச்சல் கொஞ்சம் கூடக் கேட்கும். ஊசிக் கை தட்டில் அழுத்தும் எடை 2 கிராம் பக்கம் இருக்கட்டும். நெளிந்த நான்கையும் வெயிலில் வைத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள்; இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்துச் சூடாக்கவும் வேண்டாம். வரும்போது கொண்டுவாருங்கள்.

சாட்ஸ்வொர்த்_தட்டு எழுதியது:

நன்றி ஐயா. கடைசியா ஒரு உதவி. வெஸ்ட் சைட் ஸ்டோரி பின்னட்டையில, ரெண்டாம் பக்கக் கடைசி, இறுதிக்காட்சிக்கு நேரா ஒரு வரி. நீல மசி, முழுக்கப் பரவிடுச்சு. நீங்க சொன்ன மாதிரி சாய்ச்சு வச்சு ஆறு படம் எடுத்துப் போட்டிருக்கேன். எனக்கு முதல் சொல் "இங்கே"ன்னு தெரியுது, மீதி தெரியலை. யாராவது படிச்சுச் சொல்ல முடியுமா?

மதுரைப்பக்கம் எழுதியது:

நாலாவது படத்துல கொஞ்சம் தெரியுது. ரெண்டாவது சொல் "வி"ல ஆரம்பிக்குது. நடுவுல "ள" இல்லன்னா "ன".

மெரிபேங்க்_அக்கா எழுதியது:

தம்பி, ஆறாவது படத்தைப் பெருசாக்கிப் பாரு. அழுத்தி எழுதியிருக்கார், தடம் இருக்கு. "இங்கே விளக்கை அணை."

சாட்ஸ்வொர்த்_தட்டு எழுதியது:

ஆமா அக்கா. சித்திகிட்ட கேட்டேன். கடைசிப் பாட்டுக்கு எழுந்து போய் சுவிட்சைத் தட்டிடுவாராம். இருட்டுல உட்கார்ந்துதான் கேட்பாங்களாம், தட்டு ஓடி நின்னதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம்.